எலிவேஷன் ஜொலிக்குது, கையில காசு நிக்கல

கேட்டதும் சொன்னதும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புது வீட்டைப் பற்றித்தான். ஆச்சரியமில்லை. நாகர்கோவிலைச் சுற்றி எந்தப் பக்கம் பைக்கைத் திருப்பினாலும் ஒரு ஆர்ச் நிற்கிறது, அதில் கார்டன், அவென்யூ, சிட்டி என்று ஒரு பெயர். அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு வீட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள். சரி, ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். முன்பு கோட்டாறில் மாமனார் வீட்டில் இருந்தோம். பேங்கில் 40 லட்சம் லோன் எடுத்து இங்கே புதிதாக மனை போட்ட ஒரு நகரில் ஆறு சென்ட்டில் மாடி வீடு கட்டி வந்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் வீட்டின் முகப்பை, அதான் எலிவேஷனைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் மாசம் 20 தேதி ஆனால் கையில் ஒன்றும் இருக்காது. கேட் போட வளையலை அடகு வைத்தது இன்னும் மீட்கவில்லை. நான் ஊதாரி இல்லை அண்ணாச்சி. காசு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இவரிடம் சொன்னால் கணக்கு எழுது என்று திட்டுகிறார். (சுங்கான்கடை)

பதில்: நீங்கள் ஊதாரி இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது தங்கச்சி. கணக்கு எழுதச் சொன்னது சரிதான், ஆனால் திட்டிச் சொல்ல வேண்டாம், செலவில் பெரும்பங்கு அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது.

முதலில் லோன். நீங்கள் வட்டி எத்தனை என்று எழுதவில்லை, எட்டரை சதவீதம், 20 வருஷம் என்று வைத்துக்கொள்கிறேன். 40 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய் வரும். 20 வருஷம் ஒழுங்காகக் கட்டினால் மொத்தம் 83 லட்சம், அதாவது வாங்கினதைவிடக் கூடுதலாக வட்டி. இது பலருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால் ஆரம்ப வருஷங்களில் தவணை எங்கே போகிறது என்பது. ஐந்து வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் 20 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் போயிருக்கும், ஆனால் அசலில் குறைந்திருப்பது ஐந்து லட்சம்கூட இல்லை, இன்னும் 35 லட்சத்துக்கு மேல் நிற்கும். பேங்க்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைக்க வேண்டாம், தவணைக் கணக்கே அப்படித்தான் போடுவார்கள்.

அப்புறம் உங்கள் நகர் உள்ளே தள்ளி இருக்கிறதே, அதற்கு ஒரு செலவு. கோட்டாறில் இருந்தபோது வாசலில் இறங்கினால் சந்தை, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஏறினால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. இப்போது பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்கே ஸ்கூட்டி வேண்டும், ஸ்கூட்டியை எடுத்தபின் யார் பஸ் ஏறப்போகிறார்கள். பிள்ளைகள் பழைய ஸ்கூலிலேயே படிக்கிறார்கள், போக எட்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். காலையில் விட்டு வந்து சாயங்காலம் கூட்டி வர நாலு ஓட்டம், 32 கிலோமீட்டர். மாதம் 26 நாளுக்கு 830 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும், பெட்ரோல் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தாலும் மாதம் 1,800 ரூபாய்க்கு மேல் ஸ்கூட்டிக்கே போய்விடுகிறது. டயர், ஆயில், சர்வீஸ் தனி. உங்கள் நேரத்துக்கு நான் விலை போடவில்லை.

கரண்ட் பில்லையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு மாத ரீடிங்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு மலிவான ரேட் உண்டு. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மலிவு ரேட் போய்விடும், 101-வது யூனிட்டிலிருந்தே கூடின ரேட்டில் கணக்குப் போடுவார்கள். ஒரு ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் ஏழெட்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு அது மட்டுமே 450 ஆகிவிடும். பழைய ஓட்டு வீட்டில் தார்சாவில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு இங்கே ஏசி ஏன் தேவைப்படுகிறது என்றால், மேலே கான்கிரீட் தட்டு, மேற்கே பார்த்த பெரிய கண்ணாடி, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. எலிவேஷன் படத்தில் மரம் இருந்திருக்கும், அது கம்ப்யூட்டரில் வரைந்தது.

எலிவேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை, ஜூனில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. சன்ஷேட் இல்லாமல் மொட்டையாக நிற்கிற வெள்ளைச் சுவரில் இரண்டு மழையும் நேராக இறங்கும், இறங்கின இடமெல்லாம் கறுப்புப் பாசி பிடிக்கும். நம் முன்னோர் ஓட்டுச் சாய்ப்பை ரெண்டு அடி வெளியே நீட்டினது அழகுக்காக இல்லை. இந்தப் பெட்டி டிசைன் மழை குறைந்த ஊர்களுக்குச் சரி, இங்கே வருஷா வருஷம் கழுவணும், ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை சாரம் கட்டிப் பெயின்ட் அடிக்கணும், மாடி உயரத்துக்குச் சாரக் கூலியே தனி. இந்தச் செலவை வீடு கட்டும்போது எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். அவருக்கு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு கிடைக்கும் என்று வையுங்கள். 20 வருஷத் தவணை முடிகிற அன்று அவர் அந்த வீட்டில் தூங்கியிருப்பது மொத்தம் 20 மாதம். வேலை பிடிக்கவில்லை, உடம்புக்கு முடியவில்லை, ஊருக்கு வந்து ஒரு கடை போடலாம் என்று தோன்றினாலும் 34,700 ரூபாய் அவரை விடாது. போனில் அவர் எரிந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உங்களிடம் சொல்லமாட்டார்.

செய்ய வேண்டியது: ஃப்ளோட்டிங் வட்டி, அதாவது ஏறி இறங்குகிற வட்டியில் வாங்கின வீட்டு லோனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால்கூட 20 வருஷம் பதினாறரை வருஷத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிட்டி (சீட்டு) பிடிக்கிறீர்களா, அந்தப் பணத்தை சோபாவுக்கும் மாடி கிரில்லுக்கும் போடாமல் முதலில் வளையலை மீட்டெடுங்கள், அடுத்த சிட்டியை அசலில் போடுங்கள். மேற்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு சாய்ப்பு இறக்குங்கள். எலிவேஷன் கெட்டுப்போகும். கெடட்டும்.

கேள்வி: எதிர் வீட்டில் எஸ்யூவி வாங்கிவிட்டார்கள். எங்கள் சின்னக் காரை போர்ட்டிகோவில் நிறுத்தவே என் மனைவிக்குக் கூச்சமாக இருக்கிறதாம். என்ன செய்ய? (ஆசாரிப்பள்ளம்)

பதில்: கேட்டைச் சாத்தி வையுங்கள்.

கேள்வி: அப்பா இறந்தபின் அம்மா வடசேரியில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். புது வீட்டில் அவளுக்கென்றே கீழே ஒரு ரூம், அட்டாச்டு பாத்ரூம், ஏசி, டிவி எல்லாம் வைத்துக் கட்டினேன். வந்து ஒரு வாரம் இருந்தாள், பிறகு 'கொண்டு விடுடே' என்று ஒரே பிடிவாதம். ஊரில் எல்லாரும் நான் அம்மாவை விரட்டிவிட்டது போல் பார்க்கிறார்கள். 70 வயதில் தனியாக இருப்பதில் என்ன சுகம்? (எறும்புக்காடு)

பதில்: தம்பி, உங்கள் மேல் தப்பில்லை, அம்மா மேலும் தப்பில்லை. அம்மாவின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள், நான் ஊகித்து எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். காலையில் பால்காரர் வந்து ரெண்டு வார்த்தை பேசுவார். பூக்காரி தோவாளைப் பூவைக் கொண்டுவந்து நடையில் உட்கார்ந்து அளந்து தருவாள், கூடவே தெருவில் யார் வீட்டில் என்ன என்று மொத்தமும் சொல்லிவிட்டுப் போவாள். மூலைக்கடையில் அம்மா பெயரில் ஒரு பற்று நோட்டு இருக்கும். மீன்காரி தலைச்சுமையை இறக்கும்போது கைகொடுக்க அம்மா வெளியே வருவாள், அவளிடம் சாளை என்ன விலை என்று சண்டை போடுவதும் அந்த நாளின் ஒரு பகுதி. மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா புறவாசல் வழியாக ஒரு கிண்ணத்தில் அவியல் கொண்டு வருவாள், கிண்ணம் திரும்பிப் போகும்போது வெறுமனே போகாது. சாயங்காலம் கோயில். உடம்பு சரியில்லாமல் காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கவில்லை என்றால் ஏழே காலுக்கு யாராவது தட்டிவிடுவார்கள்.

உங்கள் நகரில்? நீங்களும் மருமகளும் எட்டரைக்குக் கிளம்புகிறீர்கள். பிள்ளைகள் நாலு மணிக்குத்தான் ஸ்கூலிலிருந்து வருவார்கள். பால் பாக்கெட்டை கேட்டில் தொங்குகிற பையில் போட்டுவிட்டுப் போகிறான், அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. எட்டடி காம்பவுண்டுச் சுவர், உயரமான கேட்டு, அதற்கு மேல் கேமரா. அந்தக் கேமராவை மொபைலில் பார்த்து அம்மா நல்லா இருக்கிறாள் என்று நீங்கள் ஆபீசில் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். நல்ல ஏசி ரூமில் எட்டு மணி நேரம் டிவிக்கு எதிரே அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வடசேரியில் தனியாக இருக்கிறாள் என்கிறீர்கள், நிஜத்தில் எங்கே தனியாக இருந்தாள் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் கட்டாயப்படுத்த வேண்டாம். பழைய வீட்டு பாத்ரூமில் வழுக்காத ஓடு பதித்து ஒரு கைப்பிடி வையுங்கள், ராத்திரி எழுந்தால் தடுக்காத மாதிரி ஒரு லைட். அடுக்களைக்கு ஒரு நல்ல கேஸ் டியூப். ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே கூட்டி வருவதற்குப் பதில் பிள்ளைகளை அங்கே கொண்டு போய் விடுங்கள். ஊர்க்காரர்கள் பேசுவதற்கு நான் என்ன சொல்ல, நீங்கள் அம்மாவைக் கூட்டி வந்திருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவளே ஒரு நாள், முடியவில்லை மக்கா என்று சொல்வாள், அன்றைக்கு அந்தக் கீழ் ரூம் காத்திருக்கட்டும். அதுவரை அதை ஸ்டோர் ரூம் ஆக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் வில்லா நகரில் சங்கம் வைத்து வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வாங்குகிறார்கள். ரோடு, தெருவிளக்கு, பார்க் பராமரிப்பு என்று ரசீதில் இருக்கிறது. இப்போது புதிதாக மாடி முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது, நகரின் அழகு கெடுகிறது என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு. போடுவதா வேண்டாமா? (நாகர்கோவில்)

பதில்: துணியைப் போடுங்கள். ஆடி மாதத்தில் ரெண்டு மணி நேரம் வெயில் அடிப்பதே பெரிய காரியம், அதைப் பின்பக்கம் வா என்று சொன்னால் வருமா?

காசு விஷயம்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது. டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல் வாங்கிய லே-அவுட் என்றால் அதில் உள்ள ரோடுகளையும், பெரிய லே-அவுட்டில் பொது ஒதுக்கீடாக விடுகிற 10 சதவீத இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ரோடும் பார்க்கும் மாநகராட்சியின் சொத்து, நீங்கள் வீட்டு வரி கட்டுகிறீர்கள், தெருவிளக்கு எரியவில்லை என்றால் அங்கேதான் மனுக் கொடுக்கணும். அப்புறம் அந்த ரோட்டுக்கு ஆர்ச் வைத்து கேட் போட்டு வெளியாள் வரக்கூடாது என்று சங்கம் சொல்வதும் செல்லாது. எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது வேறு தலைவலி, மனை விலையோடு சேர்த்து நீங்கள் காசு கொடுத்த அந்த ரோடு யார் பெயரில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வாட்ச்மேன் சம்பளம், குப்பை, செடிக்குத் தண்ணீர் இதற்கெல்லாம் எல்லோரும் ஒப்புக்கொண்டு பங்கு போடுவது நியாயம், வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். துணி விஷயம் தானாக அடங்கிவிடும்.

கேள்வி: 30 வருஷமாக வற்றாத எங்கள் கிணறு பங்குனியிலேயே தரை தட்டுகிறது. லாரித் தண்ணீர் வாங்குகிறோம். வீட்டைப் புதுப்பித்து முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, முன்னால் கொரியன் புல் போட்டோம், நின்ற ரெண்டு தென்னையையும் அயனி மரத்தையும் எடுத்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (தக்கலை)

பதில்: உண்டு. பக்கத்தில் எல்லோரும் போர்வெல் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம், ஆனால் உங்கள் பங்கை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர், 50 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஒரு நாளில் அந்த இடத்தில் மட்டும் 4,600 லிட்டர் விழுகிறது. முன்பு மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போனது, இப்போது கல் மேல் ஓடி கேட் வழியாக ரோட்டுக்குப் போகிறது. அடுத்து அந்தப் புல். வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு தினம் நாலைந்து லிட்டராவது குடிக்கும். 500 சதுர அடிப் புல்லுக்கு நாளைக்கு 200 லிட்டர். லாரித் தண்ணீரை வாங்கி அதில் ஊற்றுகிறீர்களா? சொல்லாதீர்கள், எனக்கு வயிறு எரியும்.

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நிறைய வீட்டில் அது வரி போடுவதற்குக் காட்டின ஒரு பிளாஸ்டிக் பைப்பாக நிற்கிறது. மாடித் தண்ணீரை ஜல்லி, மணல் போட்ட ஒரு தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள், முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். கார் ஓடுகிற தடத்துக்குக் கல் போதும், மற்ற இடத்தில் பெயர்த்துவிடுங்கள். புல்லை எடுத்துவிட்டு மட்டி வாழை நாலு மூடு வையுங்கள், அடுக்களைத் தண்ணீரே போதும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பழம், அதைக் கடையில் தேடி அலைந்து வாங்குகிறோம், நம் முற்றத்தில் வைத்தால் கௌரவக் குறைச்சலா?

கேள்வி: தேரூர் பக்கம் ரோட்டோரம் 'லேக் வியூ' என்று போர்டு வைத்து மனை விற்கிறார்கள். மற்ற இடத்தைவிட சென்ட்டுக்கு ஒரு லட்சம் குறைவு. முன்பு வயலாக இருந்த இடம், இப்போது செம்மண் அடித்து நிரப்பி அழகாக இருக்கிறது. வாங்கலாமா? (சுசீந்திரம்)

பதில்: மழைக்காலத்தில் குளமே உங்களைப் பார்க்க வீட்டுக்குள் வரும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த நிலம் என்றால் அது தண்ணீர் வந்து நிற்பதற்காகவே தாழ்ந்து கிடந்த இடம். செம்மண் அடித்ததால் தண்ணீர் வரத்து நிற்காது, பாதை மாறும், அவ்வளவுதான். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் அந்த இடம் எப்படி இருந்தது என்று விற்கிறவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வயலில் நிற்கிறவரிடம் கேளுங்கள். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை, அதன் கரையோரத்தில் நாளைக்கு என்ன கட்டுப்பாடு வந்தாலும் உங்கள் தலையில்தான்.

சென்ட்டுக்கு ஒரு லட்சம் மிச்சம் என்பதும் மிச்சமாக நிற்காது. வயல் களிமண்ணில் சாதாரண அஸ்திவாரம் தாங்காது, ஆழம் கூட்டணும், கம்பி கூடும். நிலத்தடி நீர் மேலே நிற்கிற இடத்தில் செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்காது, மழைக்காலத்தில் பொங்கும், லாரி கூப்பிட்டு எடுக்கணும். பத்திரச் செலவு முத்திரையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம், அது எந்த மனைக்கும் உண்டு. மனசு கேட்கவில்லை என்றால் வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் நஞ்சையா என்று பாருங்கள், புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்று பாருங்கள், இரண்டும் ஆன்லைனிலேயே கிடைக்கும். 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அப்ரூவல் இல்லாத மனையைப் பின்னால் வரன்முறைப்படுத்தித் தருகிறோம் என்பார்கள், அந்தத் திட்டமே 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைகளுக்குத்தான்.

கேள்வி: அடுத்த மாதம் பால்காய்ப்பு. ஆயிரம் பேரைக் கூப்பிட வேண்டும் என்கிறார் மாமா. கையில் இருப்பது டைல்ஸ்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. (மார்த்தாண்டம்)

பதில்: டைல்ஸ்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். நூறு பேரைக் கூப்பிட்டு, பருப்பு, அவியல், எரிசேரி, ரெண்டு பிரதமன், பப்படம், ஏத்தன்காய் உப்பேரி என்று இலை போட்டு நன்றாகச் செய்யுங்கள். கொத்தனார், ஆசாரி, கையாள், எல்லோருக்கும் முதல் பந்தி. மாமா கோபித்துக்கொண்டால் மீதித் தொள்ளாயிரம் பேர் சாப்பாட்டை அவர் பொறுப்பில் விடுவதாகச் சொல்லிப் பாருங்கள்.